ஓஷியின் படங்களில் போரடிப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சினிமா பக்கத்தில் ஜப்பானிய அனிமே இயக்குநர் மமோரு ஓஷியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் நகரவே மாட்டேன் என்கின்றன, நடுவில் பத்து நிமிடம் தூங்கி எழுந்தாலும் கதை அங்கேயே நிற்கும், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மும்பைத் தமிழர்கள் படிக்கும் பத்திரிகையில் ஓஷிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி, இது மனதாரச் சொல்வது. ஆனால் அந்த அரைப் பக்கமும் போரடிக்கிறது என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, எது போரடிக்கிறது, எந்த இடத்தில், ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1995இல் வந்தது, மசமுனே ஷிரோவின் காமிக்ஸை வைத்து எடுத்தது. மொத்தப் படமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நம் ஊர்ப் பெரிய ஹீரோ படங்களில் அந்த நேரத்துக்கு இடைவேளைதான் வந்திருக்கும். அந்தக் குறைந்த நேரத்துக்குள் மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை பேச்சில்லாமல் ஓஷி ஒரு நகரத்தைக் காட்டிக்கொண்டே போகிறார். கால்வாய், படகு, கடைப் பலகைகள், மழை, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகள். கட்டுரையாளர் வேகமாக ஓட்டிவிடச் சொல்வது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். குப்பை வண்டி ஓட்டுகிற ஒரு ஆள், மனைவியும் மகளும் இருப்பதாகப் பேசிக்கொண்டிருந்தவர், போலீஸ் விசாரணையில் உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒரு குடும்பமே உனக்குக் கிடையாது, அந்த நினைவுகளை யாரோ உன் மூளைக்குள் ஏற்றியிருக்கிறார்கள் என்கிறார்கள். மகளின் படம் என்று அவர் பத்திரமாக வைத்திருந்த போட்டோவில் அவரே நிற்கிறார். அவருடைய முகம் அப்படியே உடைந்துபோகிறது. இதைப் பார்த்த பிறகுதான் உடம்பு முழுவதும் இயந்திரமாக்கப்பட்ட போலீஸ் அதிகாரியான நாயகி குசனாகி, தன்னுடைய நினைவும் தன்னுடையதுதானா என்ற கேள்வியோடு அந்த நகரத்தின் கால்வாயில் போகிறாள். அங்கே ஒரு கட்டட ஜன்னலுக்குள் அவளுடைய முகத்தோடவே இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூன்று நிமிடத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொரு முகத்தையும் இது யாருடைய நினைவோடு நடமாடுகிறது என்ற சந்தேகத்தோடு நாமும் பார்க்கிறோம். இதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் கட்டடங்கள் தெரியும், சந்தேகம் வராது. பின்பாதியில் அவள் எடுக்கும் முடிவு ஏன் என்றே அப்புறம் புரியாமல் போகும்.

இன்னொரு விஷயம், இதைச் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடிகர்களை வைத்து எடுக்கிற படத்தில் கேமராவை நிறுத்த மறந்துபோய்க்கூட ஒரு காட்சி நீண்டுவிடலாம். கையால் வரைகிற படத்தில் அப்படி எதுவும் தானாக நீளாது. தேங்கிய தண்ணீரில் விழுகிற விளக்கு வெளிச்சம், ஈரமான சுவர், தொங்கும் ஒயர், எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து தீட்டியிருக்கிறார்கள். ஹாங்காங் நகரத்தை மாதிரியாக வைத்து, ஹிரோமசா ஒகுராவின் மேற்பார்வையில் வரைந்த பின்னணிகள் அவை. மேலே ஓடும் இசை கென்ஜி கவாய் அமைத்தது, பழைய ஜப்பானிய மொழியில் ஒரு கல்யாணப் பாட்டை நாட்டுப்புறப் பாடகிகளைப் பாடவைத்திருக்கிறார். இவ்வளவு பேர் உழைத்த மூன்று நிமிடம் நேரம் போக்குவதற்காக வைத்ததாக இருக்க முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் காலி இடம் என்று சொன்னால் அது உண்மை இல்லை.

நம்மிடமும் இது இருக்கிறது. 1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கும் வீட்டைத் தனியாகப் போய்ப் பார்ப்பார், சுவரைத் தொட்டுத் தடவுவார், ஒவ்வொரு அறையாக நடப்பார், பேச்சே இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். கதை அங்கே ஒரு அங்குலம்கூட நகராது. ஆனால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டால் பிறகு அவர் இறந்துபோகும்போது நமக்கு வலிக்காது. அதைப் போரடிக்கிறது என்று எந்தத் தமிழ் ரசிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே நிதானத்தை ஜப்பான்காரர் ஒருவர் கார்ட்டூனில் செய்தால் மட்டும் ஏன் பொறுமை போய்விடுகிறது? கார்ட்டூன் என்றால் ஓடவும் அடிக்கவும் குதிக்கவும்தான் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் உண்மையில் விரிவாகப் பேச நினைத்தது 'பேட்லேபர் 2' பற்றி. கட்டுரையாளர் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார், ரோபோ படம் என்று உட்கார்ந்தால் ரோபோவே வரமாட்டேன் என்கிறது என்று. 1993 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான படம். யோகஹாமாவில் ஒரு பெரிய பாலம் ஏவுகணையால் தகர்க்கப்படுகிறது. யார் செய்தது என்று தெரியவில்லை, வந்த விமானம் யாருடையது என்பதில் குழப்பம், போலீஸுக்கும் ராணுவத்துக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை போகிறது, கடைசியில் டோக்கியோ தெருக்களில் ராணுவத்தை இறக்கிவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் வருகிற காட்சியைத்தான் எல்லோரும் மெதுவானது என்கிறார்கள். சாலைச் சந்திப்புகளில் டாங்கிகள் நிற்கின்றன, துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்கிறார்கள், ஆபீஸ் போகிறவர்கள் பக்கத்தில் நடந்து போகிறார்கள், குழந்தைகள் கையசைக்கிறார்கள், பனி பெய்கிறது. ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை.

இதை மும்பையில் இருப்பவர்கள் போரடிக்கிறது என்று சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். 1993 ஜனவரியை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கலவரம், ஊரடங்கு, தெருவில் ராணுவம். தாராவியில் இருந்த நம் ஆட்கள் எத்தனை பேர் அப்போது மூட்டை கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஏறினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சத்தம் கேட்கிற ராத்திரியைவிட, மறுநாள் காலையில் எல்லாம் அமைதியாக இருக்கும்போது, பால் வாங்கப் போகிற வழியில் ராணுவ வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அது அங்கே இல்லாத மாதிரி நடந்து போனோமே, அந்தப் பயம் வேறு மாதிரி. சினிமாவில் கலவரத்தை எத்தனையோ பேர் காட்டியிருக்கிறார்கள், தீ, ஓட்டம், அலறல். அந்த அமைதியான காலையைக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதுவும் மும்பையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் டோக்கியோவில் உட்கார்ந்து வரைந்தது. சண்டைக் காட்சி ஒன்றை அங்கே சேர்த்திருந்தால் அந்தப் பயம் போயிருக்கும், இன்னொரு ஆக்‌ஷன் படமாகியிருக்கும். வேகம் தெரியாத ஆட்கள் எடுத்த படமும் இல்லை இது. பின்னாளில் கண்சிமிட்டும் நேரத்தில் காட்சியை மாற்றுவதற்குப் பெயர்வாங்கிய அனிமே இயக்குநர் சத்தோஷி கோன் இதில் லேஅவுட் வேலை, அதாவது ஒவ்வொரு காட்சியின் அமைப்பையும் முன்கூட்டியே வரைந்து வைக்கிற வேலை, செய்தவர்களில் ஒருவர்.

இதற்கு முந்தைய பாகமும், 1989இல் வந்தது, நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது. டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்குகிற திட்டம்தான் அதன் பின்னணி. செத்துப்போன ஒரு கம்ப்யூட்டர் நிபுணன் எங்கெங்கே குடியிருந்தான் என்று தேடிக்கொண்டு ஒரு துப்பறிவாளர் வெயிலில் நடக்கிறார். அவன் இருந்த இடமெல்லாம் இடிபடப்போகிற பழைய வீடுகள், பின்னால் பளபளவென்று உயர்ந்த கட்டடங்கள். கடலைத் தூர்த்து வளர்ந்த நகரத்தில், பழைய சால் குடியிருப்புகள் இடிந்து டவர் வருவதைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற நமக்கு இதைவிட நெருக்கமாக ஒரு காட்சியை யார் தரப்போகிறார்கள்?

சரி, அப்படியென்றால் ஓஷி படத்தில் போரடிப்பதே கிடையாதா? உண்டு. ஆனால் கட்டுரையாளர் சொல்கிற மாதிரி கதை நகராமல் நிற்கிற இடங்களில் இல்லை. மவுனமான இடங்கள் எதுவும் எனக்குப் போரடித்ததில்லை, பாத்திரங்கள் தத்துவம் பேச ஆரம்பிக்கும்போதுதான் படம் தளர்கிறது. 'இன்னொசென்ஸ்', 2004இல் கேன் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம், அதில் இரண்டு போலீஸ்காரர்கள் காரில் போனாலும் மேற்கோள், பிணத்தைப் பார்த்தாலும் மேற்கோள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்வதில்லை, இன்னொரு பெரியவரின் வாக்கியத்தை எடுத்துப் போடுகிறார். அதே படத்தில் வசனமே இல்லாத ஒரு திருவிழா ஊர்வலம் வருகிறது, அந்தச் சில நிமிடங்கள் அத்தனை மேற்கோள்களையும்விட அதிகம் சொல்கின்றன. படத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், நினைவில் நிற்பது ஊர்வலமும், அந்தப் போலீஸ்காரர்களில் தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்கு வந்து தன் நாய்க்குச் சாப்பாடு வைப்பதும்தான்.

இதில் நமக்கென்று ஒரு கூடுதல் கஷ்டம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் கேட்டு ஆங்கில சப்டைட்டிலில் படிக்கிறோம். மூன்று வரித் தத்துவம் திரையின் அடியில் வந்து போவதற்குள் படித்து முடிக்கிற அவசரத்தில் மேலே இருக்கும் படத்தைப் பார்ப்பதே இல்லை. அதையும் ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டு, போனில், செம்பூரில் கொஞ்சம் வடாலாவில் கொஞ்சம் என்று பார்த்தால் யாருக்குத்தான் அலுப்பு வராது? இப்போது பெரிய சண்டை அனிமேக்கள் எல்லாம் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கே வருகின்றன. 2025இல் 'டீமன் ஸ்லேயர்' படம் அப்படித்தான் வந்தது, நல்ல விஷயம். ஆனால் வாள் சண்டையைப் புரிந்துகொள்ள மொழியே தேவையில்லை. ஓஷி படத்துக்குத்தான் தமிழ்க் குரல் அவசரமாகத் தேவை, அப்போதுதான் காது பேச்சைப் பார்த்துக்கொள்ள, கண் படத்தைப் பார்க்கும். ஒன்றே ஒன்று, டப் செய்கிறவர்கள் அமைதியான இடங்களில் தாங்களாக ஒரு வசனத்தை நுழைத்துவிடக் கூடாது.

'ஸ்கை கிராலர்ஸ்' பற்றிக் கட்டுரையில் எழுதியிருந்ததும் அரைகுறைதான். 2008 படம். வயதே ஏறாத விமானிகள், கம்பெனிகள் நடத்துகிற யுத்தம், தினமும் அதே சாப்பாட்டுக் கடை, அதே ஓடுபாதை. செத்துப்போன ஒருவன் செய்தித்தாளை மடிக்கிற அதே விதத்தில் புதிதாக வந்தவனும் மடிக்கிறான், கதையின் சாவியே அதுதான். வேகமாக ஓட்டுகிறவர் அதைத் தவறவிட்டுவிட்டுக் கதை இல்லை என்கிறார்.

1985இல் வந்த 'ஏஞ்சல்ஸ் எக்' படத்தை மட்டும் முதலில் பார்க்காதீர்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்வேன். ஒரு சிறுமி, ஒரு முட்டை, ஒரு ஆள், மொத்தப் படத்திலும் வசனம் மிகக் குறைவு. அந்தப் படம் ஓடாமல்போய் ஓஷிக்குச் சில காலம் வேலையே கிடைக்காமல் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் ஓஷியின் மற்ற படங்களைப் பார்த்து அவர் நிதானத்துக்குக் கண் பழகியபின் பார்க்க வேண்டியது. முதலில் 'பேட்லேபர்' இரண்டு பாகங்கள், அப்புறம் 'கோஸ்ட் இன் தி ஷெல்', மற்றவை அதற்குப் பிறகு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரிப் படங்களைப் பற்றி எழுதும்போது எந்தக் காட்சி, அது என்ன செய்ய முயல்கிறது, அதில் ஜெயித்ததா தோற்றதா என்று எழுதச் சொல்லுங்கள். தோற்றது என்று எழுதினாலும் சந்தோஷமாகப் படிப்பேன். அப்படியே சயானில் இருக்கும் பம்பாய் தமிழ்ச் சங்கத்தாருக்கும் உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வார்த்தை: முறையாக அனுமதி வாங்கி 'பேட்லேபர் 2' படத்தைப் பெரிய திரையில் ஒருநாள் போடுங்கள், காலேஜ் பிள்ளைகளையும் 1993ஐப் பார்த்த பெரியவர்களையும் சேர்த்து உட்காரவைத்து. கட்டுரையாளரும் கட்டாயம் வரட்டும். படம் முடிந்ததும் எங்கே போரடித்தது என்று அவர் சொல்லட்டும், நான் என் பங்குக்குச் சொல்கிறேன், பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் இரண்டு பேரும் கேட்போம்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகி,
மும்பை