ஏழு நாள் மாத்திரை

கொலம்பஸ், ஒஹாயோ
டிசம்பர் 8

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தை பிறந்ததும் முழங்கால் ஆபரேஷன் என்று படித்தபோது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மாடிப்படியைக் கண்டாலே நீ முகம் சுளிப்பதை மூன்று வருஷமாக வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

"உங்க ஊரில் ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரையிலேயே எத்தனையோ பேர் அடிமையாகிப் போனார்களாமே, எனக்கும் அதைத்தான் கொடுப்பார்களோ" என்று கேட்டிருந்தாய். இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். போதாததற்கு, செப்டம்பரில் இவருக்கும் இடது முழங்கால் மாற்றியாகிவிட்டது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூட்டு மாற்றியவர்களுக்கு 80, 90 மாத்திரை எழுதிக் கொடுப்பது சாதாரணம். நோயாளி சனி ஞாயிறில் வலியோடு திண்டாடக் கூடாது என்பது டாக்டர்களின் எண்ணம். அதில் கெட்ட நோக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பாதிக்கு மேல் மிச்சமாகிக் குளியலறை அலமாரியிலேயே கிடக்கும். எங்கள் கடைக்கு வரும் ஒரு பெண்ணின் மகன் பாட்டியின் இடுப்பு ஆபரேஷன் மாத்திரையில்தான் தொடங்கினான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. கடைசியில் ஃபெண்டனில் என்ற மிகக் கடுமையான போதை மருந்து கலந்த தெருச்சரக்கில் போய்விட்டான். பாட்டிக்கு அந்த டப்பாவை எண்ணி நிரப்பிக் கொடுத்தது நான்தான். இப்போதும் ஆக்சிகோடோன் என்ற அந்த மாதிரி வலி மாத்திரையை எண்ணும்போது சில நாள் அது நினைவுக்கு வரும்.

2012-ல் இந்த நாட்டில் ஓபியாய்டுகளுக்கு, அதாவது இந்த அபின் வகை வலி மாத்திரைகளுக்கு, எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 25.5 கோடி. நூறு பேருக்கு 81 என்று வைத்துக்கொள். அப்புறம்தான் சட்டங்கள் வந்தன. முதலில் 2016 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலம், முதல் தடவை எழுதும் சீட்டு ஏழு நாளுக்கு மேல் போகக் கூடாது என்றது. நியூ ஜெர்சி ஐந்து நாள். ஃப்ளோரிடா மூன்றே நாள், டாக்டர் காரணம் எழுதினால் ஏழு. எங்கள் ஒஹாயோவில் 2017 ஆகஸ்ட் 31 முதல் பெரியவர்களுக்கு ஏழு நாள், சிறுவர்களுக்கு ஐந்து. அதோடு, எந்த மாத்திரையானாலும் அதன் வீரியத்தை மார்ஃபினாக மாற்றிப் பார்த்தால் நாளுக்குச் சராசரி 30 மில்லிகிராம் என்று ஓர் உச்சவரம்பு. ஐந்து மில்லிகிராம் ஆக்சிகோடோன் என்றால் நாளுக்கு நான்கு மாத்திரைதான்.

இந்த நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீ கவனிக்க வேண்டும். அதே 2016-ல் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. திடீர் வலிக்கு மூன்று நாள் பெரும்பாலும் போதும், ஏழு நாளுக்கு மேல் அபூர்வமாகத்தான் தேவைப்படும் என்றது. அது குடும்ப டாக்டர்களுக்காக எழுதியது. ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி இதில் அடங்காது என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் பல மாநிலச் சட்டங்கள் அந்த மாதிரி எண்களையே எடுத்துக்கொண்டு, சுளுக்குக்கும் முழங்கால் மாற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிட்டன. எலும்பை அறுத்து உலோகம் பொருத்திய காலும் பல் பிடுங்கிய தாடையும் ஒன்றா, சொல்லு? எங்கள் மாநிலம் இதில் கொஞ்சம் யோசித்துச் செய்தது. நசுங்கிய காயம், உறுப்பு நீக்கம், பெரிய எலும்பு ஆபரேஷன், கடும் தீக்காயம் இவற்றுக்கு அந்த 30 மில்லிகிராமைத் தாண்டலாம் என்று விட்டுவைத்தது.

சட்டத்தால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். என் கண்முன்னே எண்ணிக்கை இறங்கியது. டாக்டர்கள் கைப்பழக்கமாக 90 என்று எழுதுவது நின்றது. மிச்சிகனில் 2,392 அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். எலும்பு ஆபரேஷன் இல்லை, குடலிறக்கம், பித்தப்பை இப்படி. எழுதிக் கொடுத்ததில் அவர்கள் சாப்பிட்டது கால்வாசிதான். அதைவிட என்னை யோசிக்க வைத்தது, ஒரு மாத்திரை அதிகமாக எழுதினால் அரை மாத்திரை அதிகமாகச் சாப்பிடுகிறார்கள் என்பது. இலையில் வைத்ததைச் சாப்பிடுகிற மாதிரிதான். டப்பாவில் இருப்பதைப் பார்த்தே மனசு வலியை அளக்கிறது.

ஆனால் சட்டம் எதிர்பாராத பக்கமும் திரும்பும். 2014 அக்டோபரில் ஹைட்ரோகோடோன் என்ற இன்னொரு ஓபியாய்டை இன்னும் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அதுவரை டாக்டர் ஃபோனில் சொன்னாலே மறுபடி கொடுக்கலாம், அதன்பின் முடியாது. நோயாளியை அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் முதல் சீட்டிலேயே அதிகமாக எழுத ஆரம்பித்தார்கள். மிச்சிகனில் ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சீட்டு சராசரியாக ஏழு மாத்திரை கூடியதாம். குறைக்கப் போட்ட விதி!

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், முழங்கால் மாற்றி எட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். மாத்திரை முந்தின நாளே தீர்ந்துவிட்டது. சட்டம் இரண்டாவது சீட்டைத் தடுக்கவில்லை, டாக்டர் எழுதினால் கொடுத்துவிடலாம். ஆனால் அவருடைய டாக்டர் ஊரில் இல்லை. முறையில் இருந்த டாக்டர், தான் பார்க்காத நோயாளிக்கு எழுத மாட்டேன் என்றுவிட்டார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் பாராசிட்டமாலையும் ஐஸையும் பற்றிச் சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டாம் முறை ஃபோன் செய்து அந்த டாக்டரிடம் வாதாடியிருக்கலாம். செய்யவில்லை. வரிசையில் ஆள் நின்றார்கள், எனக்கும் பயம். வலி தாங்காமல் இரண்டு வாரம் பிசியோதெரபிக்கே போகவில்லை என்று பிறகு சொன்னார். அவர் கால் இன்றும் முழுசாக மடங்குவதில்லை.

உன் கேள்விக்கு நேரான பதில் இது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மூட்டு மாற்றியவர்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பு இந்த மாத்திரையைத் தொடாதவர்களில் முழங்கால் மாற்றியவர்கள் 8.2 சதவீதம் பேர் ஆறாம் மாதத்திலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் அது 53.3 சதவீதம். மூட்டு வலி எவ்வளவு குறைந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த மாத்திரை முழங்காலுக்காகப் போகவில்லை, மல்லிகா. உடம்பின் வேறு வலிக்கோ, மனசின் பாரத்துக்கோ போயிருக்கிறது. நாள் வரம்போ புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. அந்தப் பாதிப் பேரைச் சட்டம் தொடுவதே இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய மாதமே ஒருவர் உட்கார்ந்து அவர்களோடு பேச வேண்டும். அதற்கு யாருக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இவர் கதைக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொடையில் நரம்பு மரப்பு ஊசி போட்டிருந்ததால் முதல் நாள் ராஜா மாதிரி இருந்தார். ஊசி தெளிந்த இரவுதான் உண்மையான இரவு. கையில் ஆக்சிகோடோன் 42 இருக்கிறது, மனுஷன் தொட மாட்டேன் என்கிறார். இத்தனை வருஷம் நான் வீட்டில் சொன்ன கதைகள் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தன. காலை மடக்கவே விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நான் அதட்டித்தான் ஒன்று கொடுத்தேன். அதன்பின் பாராசிட்டமாலை நேரம் தவறாமல், ஐஸ் பை, பிசியோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஆக்சிகோடோன் என்று போனது. மொத்தம் 19 சாப்பிட்டார். மீதி 23-ஐ எங்கள் கடையின் திரும்பப் பெறும் பெட்டியில் போட்டுவிட்டேன். மலச்சிக்கலுக்கு மட்டும் முதல் நாளே மருந்து தொடங்காமல் விட்டுவிட்டோம். அந்தத் தப்பை நீ செய்யாதே.

மதுரையில் உனக்கு அநேகமாக டிரமடால் என்ற, இதே வகையில் கொஞ்சம் லேசான மாத்திரையைத் தருவார்கள், அல்லது தோலில் ஒட்டும் பேட்ச். டிரமடாலும் 2018-லிருந்து இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வந்துவிட்டது, அதனால் சீட்டைப் பத்திரமாக வை. அந்தச் சட்டத்தை நினைத்தாலே எனக்கு உன் அம்மாவின் கடைசி மாதம்தான் ஞாபகம் வரும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இருந்தும், அதை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிகள் வாங்க வேண்டிய உரிமங்களுக்குப் பயந்து யாரும் வைத்திருக்கவில்லை. நீயும் நானும் எத்தனை கடை ஏறி இறங்கினோம். 2014-ல்தான் அதைத் திருத்தினார்கள். இங்கே நான் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அங்கே அம்மாக்கள் துடித்தார்கள்.

ஆகவே பயந்து வலியைத் தாங்கிக்கொண்டு படுத்திராதே. நரம்பு மரப்பு ஊசி உண்டா, எட்டாம் நாள் வலித்தால் யாருக்கு ஃபோன் செய்வது, இந்த இரண்டையும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வை. இரவில் நீ போடும் தூக்க மாத்திரையை டாக்டரிடம் மறைக்காதே. அதுவும் இதுவும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். உங்க வீட்டு அண்ணனிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்து வை, பேரன் கைக்கு எட்டாமல்.

தேதி முடிவானதும் எழுது. அந்த வாரம் முழுக்க இரவில் ஃபோனை அணைக்காமல் வைத்திருப்பேன். உனக்கு இரவு என்றால் எனக்குப் பகல்தானே, எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடு.

உன்
சாந்தா