ஹேசல் தேடும் தைல வாசனை

செயின்ட் பால், மினசோட்டா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அண்ணன், மதினி, பிள்ளைகள், சின்னவள் எல்லோரும் நலம்தானே?

அப்பா, உங்கள் கடிதம் போன மாதமே கைக்கு வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆக்கியதற்கு மன்னித்துவிடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் காகிதத்தை எடுப்பேன், தேதியைப் போடுவேன், அப்படியே மடித்து வைத்துவிடுவேன். உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் பேசுவது பேச்சாகவே இல்லை. அம்மா வாங்கிச் சொல்லி, நீங்கள் ஒன்று கேட்டு, நான் வேறொன்று சொல்லி முடிந்துவிடுகிறது. நீங்கள் மூன்று பக்கம் கைப்பட எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிற விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதல் பக்கத்தில் கேட்டிருந்தீர்களே, "நாய் வளர்க்கிறாயாமே, என்ன சாதி நாய்?" என்று, அதிலிருந்து தொடங்குகிறேன்.

நாய் என்னுடையது இல்லை அப்பா. மேல்வீட்டுப் பாட்டியுடையது. புரட்டாசியில் நான் வீடு மாறினேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இது பாதி தரைக்குக் கீழே இருக்கிற சின்ன வீடு. ஓர் ஆளுக்கு இது போதும், குளிரும் அவ்வளவாக ஏறாது. காரையும் கொடுத்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வாசலிலேயே இருக்கிறது. போன வாரம் பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரி. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து, மூச்சை இழுத்தால் உள்ளே முள் குத்துவது போல் இருக்கும். ஏரிகள் எல்லாம் கல்லாகிவிட்டன. அதன்மேல் லாரியை ஓட்டிக்கொண்டு போய், சின்னக் குடிசை போட்டு, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். மிசிசிப்பி ஆறு பிறப்பது இந்த மாநிலத்தில்தான். அதுவே எங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

மேல்வீட்டுப் பாட்டிக்கு 78 வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கள் வாசலையும் சேர்த்துப் பனி தள்ளுவார். ஆனால் ஒரு மாதம் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமையலறை நாள்காட்டியில் தினமும் வெப்பநிலையை எழுதிவைப்பார், வேறெதுவும் எழுதமாட்டார். 31 வருடத்து நாள்காட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். நவம்பரில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அன்று மாலை என் கதவைத் தட்டி, "உனக்கு நாய் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். "எங்கள் அப்பா ராஜபாளையம் நாய் வளர்த்தவர்" என்றேன். அந்த நாய் எப்படி இருக்கும் என்று கேட்டார். 2005-ல் வந்த தபால்தலையை நீங்கள் டைரிக்குள் வைத்திருப்பீர்களே, அதைப் பற்றிச் சொன்னேன். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் நாயின் பெயர் ஹேசல். பீகிள் கலப்பு. காப்பகத்திலிருந்து எடுத்து வந்தது. அங்கு வருவதற்கு முன் என்ன பட்டதோ தெரியவில்லை, ஆளைக் கண்டால் ஒடுங்கும், இன்னொரு நாயைக் கண்டால் குரைத்துத் தீர்க்கும். அதற்காகவே பாட்டி மோப்ப வகுப்பில் சேர்த்திருந்தார். கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டது, கை உடைந்ததால் வாரைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்கு இதில் ஒரு காசு செலவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். செவ்வாய்தோறும் மாலையில் பாட்டியின் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு மூவரும் போகிறோம். வெள்ளிக்கிழமைகளில் இப்போது எனக்கு வேலை இல்லாததால் அன்று பகலில் பாட்டி வீட்டுக் கூடத்தில் பெட்டிகளைப் பரப்பி நாங்களே பயிற்சி செய்கிறோம். பிறகு அங்கேயே சாப்பாடு.

போலீஸ் நாய் வெடிமருந்தைத் தேடுகிறதே, அந்த வேலையை வீட்டு நாய்க்கு விளையாட்டாகச் சொல்லித்தருவதுதான் இந்த வகுப்பு. 2006-ல் கலிபோர்னியாவில் மோப்ப நாய்ப் பயிற்சி தெரிந்த ரான் கான்ட், ஏமி ஹெரட், ஜில் மேரி ஓபிரையன் என்ற மூன்று பேர் தொடங்கியது. இன்று நாடெங்கும் பரவிவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய்தான் உள்ளே வரும். மற்றவை வண்டியிலோ திரைக்குப் பின்னாலோ காத்திருக்கும். பிற நாய்களைக் கண்டு மிரளும் நாய்க்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள், பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். பயந்த நாய்க்கு யாரும் கட்டளை போடுவதில்லை. "உட்கார்", "படு" எதுவும் கிடையாது. அது தேடும், நாம் பின்னால் போக வேண்டும்.

முதல் சில வாரங்கள் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளைத் தரையில் பரப்பி ஒன்றில் மட்டும் வேகவைத்த கோழித்துண்டை வைத்தார்கள். முதல் நாள் ஹேசல் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. பயிற்சியாளர் அம்மா ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். நான்கு நிமிடம் கழித்து மூக்கு மட்டும் முதலில் நீண்டது. பிறகு ஒரு கால். மூன்றாம் வாரம் கதவைத் திறந்ததும் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. வால் நிமிர்ந்து ஆடியதைப் பார்த்துப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கோழித்துண்டை நன்றாகத் தேடப் பழகியதும் அதோடு ஒரு வாசனையைச் சேர்த்து வைப்பார்கள். பிறகு வாசனை மட்டும். கண்டுபிடித்ததும் அந்த இடத்திலேயே, மூக்கு இருக்கும் இடத்திலேயே தின்பதற்குக் கொடுக்க வேண்டும். கை பிந்தினால் நாய்க்குக் குழப்பம். வாசனை மூன்று: பர்ச் மரத் தைலம், ஆனிஸ், கிராம்பு. நாய்ச் சாதிகளைப் பதிவு செய்கிற அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற சங்கம் 2017-ல் தானே நடத்தத் தொடங்கிய போட்டிகளில் சைப்ரஸ் மரத் தைலத்தை நான்காவதாகச் சேர்த்தது. ஆனிஸ் நம் சோம்பு வாசனைதான். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை இங்கே கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

பர்ச் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பயிற்சியாளர் காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பாதியாக வெட்டி, தைலம் ஊறவைத்த குப்பியிலிருந்து இடுக்கியால் எடுத்து, துளை போட்ட சின்ன டப்பியில் வைத்தார். கையால் தொடக்கூடாது, தொட்டால் தொட்ட இடமெல்லாம் வாசனையாகிவிடும். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அப்பா, அது உங்கள் அயோடெக்ஸ் வாசனை. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் மாமா வாங்கிவருவாரே விண்டர்கிரீன் தைலம், அதே வாசனை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தச் செடியிலும் இந்த மரத்துப் பட்டையிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்கிற ஒரே பொருள்தான். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. இராத்திரி ஒன்பது மணி, வராந்தாக் கட்டிலில் வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றிவிட்டு நீங்கள் தேய்ப்பீர்கள், அம்மா "அடுக்களை வரைக்கும் நெடி வருகிறது" என்பார், விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். அத்தனையும் அந்த டப்பிக்குள் இருந்தது. என் கண்ணைப் பார்த்துப் பயிற்சியாளர், "நெடி அதிகமோ?" என்றார். ஆமாம் என்றேன்.

வாசனை வைத்த இடத்தில் நிற்பதில்லை, அதுதான் இதில் கற்றுக்கொண்ட பெரிய பாடம். அம்மா வற்றல் மிளகாய் தாளித்தால் பக்கத்து வீட்டைத் தாண்டி மூன்றாம் வீட்டுத் திண்ணையில் ஆள் இருமுவாரே, அந்தக் கணக்கு. ஒரு நாள் வாசல் பக்க நாற்காலிக்கடியில் டப்பியை ஒளித்திருந்தார்கள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. ஹேசல் எதிர்ச் சுவருக்குப் போய் மூக்கை மேலே தூக்கி நின்றது. அங்கு ஒன்றுமே இல்லை. தப்பு என்று நினைத்து வாரை இழுத்தேன். பயிற்சியாளர் என் கையைப் பார்த்துத் தலையசைத்தார்: "நாயை நம்பு." மேலே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடான காற்று வாசனையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் தேக்கியிருக்கிறது. ஹேசல் அங்கிருந்து விளிம்பு பிடித்து, ஒரு முறை தாண்டிப் போய், திரும்பி வந்து, நாற்காலியின் காலைத் தொட்டு நின்றுவிட்டது. நான் இழுத்திருந்தால் அதன் பாதையைக் கெடுத்திருப்பேன்.

நம் ராஜபாளையம் நாய் வெள்ளையனைப் பற்றி நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. முயல் வரப்பைத் தாண்டும்போது அரை மைலில் பார்த்துவிடுவான், ஆனால் காலடியில் புல்லுக்குள் விழுந்த ரொட்டித்துண்டைக் கண்டுபிடிக்கமாட்டான். அதைத் தெருநாய் கருப்பி வந்துதான் எடுப்பாள். வெள்ளையன் கண்ணால் வேட்டையாடுகிற சாதி, ஹேசல் மூக்கால். மூச்சை விடும்போது மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக விடுமாம், அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலையாது. இரவில் அமைதியாக இருக்கும்போது கூடத்தில் அந்த மூச்சைக் கேட்கலாம், தையல் இயந்திரம் மெல்ல ஓடுவது போல் இருக்கும். பத்து நிமிடம் தேடினால் ஒரு மணி நேரம் ஓடியது போல் களைத்துத் தூங்கிவிடும்.

போன செவ்வாய் உண்மைத் தேர்வு போலவே வைத்தார்கள். 12 பெட்டிகள், ஒன்றில் பர்ச், மூன்று நிமிடம். பெட்டி எது என்று நாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்டுபிடித்தது என்று எனக்குப் பட்டால் "அலர்ட்" என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு முறைதான் சொல்லலாம். ஹேசல் ஏழு பெட்டிகளை ஓடியபடியே கடந்தது. எட்டாவதைத் தாண்டிப் போகும்போது உடம்பு முன்னே போக, தலை மட்டும் பின்னால் வெடுக்கெனத் திரும்பியது. வாய் மூடிக்கொண்டது. மூச்சு வேகமானது. எனக்கும் உள்ளே ஏதோ நின்றது. சொன்னேன். "சரி" என்றார் பயிற்சியாளர். பின்னால் நாற்காலியில் இருந்த பாட்டி கட்டுப் போட்ட கையைத் தொடையில் தட்டினார். அன்றைய நாள்காட்டிக் கட்டத்தில் வெப்பநிலைக்குக் கீழே முதன்முறையாக "ஹேசல்" என்று எழுதியிருக்கிறார்.

அன்று சாப்பாடு காட்டரிசி. கறுப்பாக, நீளமாக இருக்கும். நம் அரிசி இனமே இல்லை, ஏரியில் விளையும் ஒரு புல்லின் தானியம். ஒஜிப்வே பழங்குடி மக்கள் படகில் போய்க் கோலால் தட்டி அறுவடை செய்கிறார்கள். பாட்டி அதைப் பாலாடை சேர்த்து சூப்பாக வைப்பார். நான் மிச்சத்தை எடுத்துவந்து புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்தேன். சம்பா அவல் போல் மணம். அம்மா, மல்லிப்பொடி தீர்ந்துவிட்டது, ஆனால் அனுப்ப வேண்டாம், அனுப்பும் செலவு பொடியின் விலையைவிட அதிகம். சமாளித்துக்கொள்கிறேன்.

சில இரவுகளில் பயிற்சி டப்பியை வேண்டுமென்றே என் மேசையில் வைத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் வேறு வாசனையே இல்லை. சமைத்த மணம்கூடக் காலையில் இருக்காது. பொங்கலன்று வேலையிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது, பால் வாங்கிவைத்தும் பொங்கவைக்கவில்லை. சின்னவளிடம் பொங்கியது என்று சொன்னேன். அதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

இனி கடைசிப் பக்கம். முட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் அப்பா. மதுரையில் சொன்ன தேதியிலேயே செய்துவிடுங்கள். சின்னவளின் நிச்சயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் வைகாசிக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று மதினி சொன்னார். நான் சித்திரைக்குள் அனுப்புவதாகச் சொன்ன பணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஆவணிக்குள் பாதியாவது வரும். அதுவரை அம்மாவின் சங்கிலியை யாரும் அடகுக்கடைக்கு எடுத்துப்போகக் கூடாது, அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நிலத்தை விற்பதென்று நீங்கள் முடிவெடுத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் 40 சென்டையும் கொடுத்துவிடாதீர்கள். கிணறும் வேம்பும் இருக்கிற பக்கத்து 20 சென்டை விட்டுவையுங்கள். வெள்ளையனைப் புதைத்த இடமும் அதற்குள்தான் இருக்கிறது. என் பங்குக்கு அண்ணன் பெயரில் பவர் எழுதித் தருகிறேன். இங்கிருப்பவர்கள் சிகாகோவில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கலாம், பஸ்ஸில் எட்டு மணி நேரப் பயணம். ஒரு வெள்ளிக்கிழமை போய்வந்துவிடுவேன். பத்திரம் உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், அண்ணன் மறந்துவிடக் கூடாது. வாசகத்தை ஆவண எழுத்தரிடம் தயாரித்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வே எண்ணையும் தாத்தா பெயரின் முதல் எழுத்தையும் நீங்களே கண்ணாடி போட்டுச் சரிபாருங்கள். போன முறை ஓர் எழுத்து விட்டுப்போய் ஆறு மாதம் அலைந்தோம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பட்டும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் மகள்

பின்குறிப்பு: அம்மா, ஆபரேஷன் முடிந்து வந்ததும் அப்பா பழக்கத்தில் தைலத்தைத் தேடுவார். தையல் பிரித்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை முட்டியில் தடவ விடாதீர்கள். அயோடெக்ஸ் குப்பியை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள்.