பாட்டுச் செயலி உருவாக்குபவர்களுக்கு: இந்த ஆல்பத்தை இப்படி வெட்டாதீர்கள்

பாட்டுச் செயலிகளை உருவாக்கும் நண்பர்களே,

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை உங்கள் செயலிகள் எப்படி ஒலிபரப்புகின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 1975 செப்டம்பரில் வந்தது, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கணக்கில் ஐந்து பாட்டு. கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுதான்.

மூன்றாவது பாட்டான 'ஹேவ் எ சிகார்' முடியும் இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கிட்டார் முழு வீச்சில் போய்க்கொண்டிருக்கும்போதே மொத்த இசையும் சட்டென்று சுருங்கி ஒரு மலிவான ரேடியோவுக்குள் போய் அடைந்துகொள்கிறது, யாரோ அந்த ரேடியோவைத் திருகுகிறார்கள், பேச்சு வருகிறது, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் சிம்பொனியில் ஒரு துணுக்கு வருகிறது, அப்புறம் ஒரு பன்னிரண்டு தந்தி கிட்டார், அதுவும் ரேடியோவுக்குள்ளிருந்தே மெலிந்த ஒலியில். சற்று நேரம் கழித்து இன்னொரு கிட்டார் தெளிவாக, நம் பக்கத்திலேயே எழுகிறது. யாரோ அறையில் உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து வாசிப்பது போல. இருமுவதுகூடக் கேட்கும். இரண்டு கிட்டாரும் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர்தான்!

அந்தத் தாவல் நடக்கும் இடத்தில்தான் என் போனில் உள்ள செயலி ஒரு கணம் நின்றுவிட்டு அடுத்த தடத்துக்குப் போகிறது. ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடும் கிராஸ்ஃபேட் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்புகின்றன. வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் ஓடினால் கேட்கவே வேண்டாம், ரேடியோவுக்குள் போன இசை வேறு யாரோ ஒருவரின் டிஸ்கோ பாட்டாக வெளியே வருகிறது.

வரிசைக்கும் காரணம் உண்டு. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' ஒரே நீண்ட படைப்பாகப் பிறந்தது. அதை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் இரு முனையிலும் வைக்கலாம் என்றவர் குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸ். 1968-ல் மனநலம் குலைந்து குழுவிலிருந்து விலகிய, அதன் முதல் பாடகர் சிட் பாரெட்டை நினைத்து எழுதியது அது. நடுவில் இருப்பவை இசை வியாபாரத்தின் மேல் எரிச்சலும், பக்கத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிய ஏக்கமும். 1975 ஜூனில், ஆபி ரோடு ஸ்டுடியோவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்து உடம்பு பெருத்த ஒருவர் வந்து நின்றதும், அது பாரெட்தான் என்று பழைய நண்பர்களுக்கே முதலில் தெரியாமல் போனதும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஆனாலும் 'ஷைன் ஆன்' முதல் பகுதியில் குரல் வருவதற்கு முன் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் இசையைக் கேட்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருந்ததில்லை. அந்த எட்டு நிமிடத்தில் ஸ்கிப் பொத்தானை அழுத்துகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

2010-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே இந்த விஷயம் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழுவின் சம்மதம் இல்லாமல் பாட்டுகளைத் தனித்தனியாக இணையத்தில் விற்க அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.க்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே சமரசமாகித் தனித்தனியாகவும் விற்பனைக்கு வந்துவிட்டது, அது வேறு. தனியாகக் கொடுக்காதீர்கள் என்று நானும் கேட்கவில்லை, 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டை மட்டும் போட்டுக் கேட்கிற நாள் எனக்கும் உண்டு. ஆல்பமாக ஒருவர் திறந்தால் ஆல்பமாகவே, வரிசை மாறாமல், இடைவெளி விழாமல் ஓடட்டும் என்கிறேன். முடியாததும் இல்லை. 2021-ல் பாடகி அடெல் கேட்டதும் ஆல்பம் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை ஸ்பாட்டிஃபை எடுத்தது. அடெல் கேட்டால்தான் செய்வீர்களா?

அப்புறம், 'ஹேவ் எ சிகார்' பாடியவர் குழுவில் யாரும் இல்லை, ராய் ஹார்ப்பர் என்ற வெளிப் பாடகர். பாட்டின் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போடுங்கள், அதற்கு இடம் இருக்கிறது.

கடைசியாக, ஆல்பம் முடிந்ததும் தானாகவே வேறு பாட்டைப் போடும் ஆட்டோபிளே. ஆல்பம் மங்கி மறையும்போது குழுவின் ரிக் ரைட் தன் கீபோர்டில் 'சீ எமிலி ப்ளே' மெட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறார். பாரெட் எழுதிய 1967-ம் வருடப் பாட்டு அது. அதை உணர்வதற்குள் "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று எதையோ அலறவிடுகிறீர்கள். அதை நிறுத்தும் பொத்தானை அமைப்புகளுக்குள் எங்கேயோ புதைத்து வைத்திருக்கிறீர்கள், ஆல்பம் பக்கத்துக்கே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் சந்தா கட்டும் ஒரு ரசிகன்