அட்டன்பரோ என்ற பெயரைத் தேடும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. இங்கிலாந்தின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டன்பரோ என்ற குடும்பப் பெயர் எங்கெங்கே இருந்ததென்று நிறம் தீட்டியிருக்கிறாய். நாட்டிங்காம்ஷையரும் டெர்பிஷையரும் உரசிக்கொள்ளும் இடத்தில் அடர்ந்த ஒரு திட்டு, தெற்கே லண்டனில் இன்னொன்று. “இவர்கள் எல்லாரும் ஒரே ஊரிலிருந்து கிளம்பிய ஒரே குடும்பம்தானே அம்மா?” என்று கேட்டிருக்கிறாய். ஒரே ஊர் என்பது பெரும்பாலும் சரி. ஒரே குடும்பம் என்பதை அந்த வரைபடம் சொல்லவில்லை. எந்த வரைபடத்தாலும் சொல்ல முடியாது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்குமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்.

முதலில் லண்டன் திட்டு. நீ தலைகளை எண்ணி நிறம் கொடுத்திருக்கிறாய். லண்டனில் அப்போது சுமார் 38 லட்சம் பேர். எந்தப் பெயரைத் தேடினாலும் அங்கே சிலர் அகப்படுவார்கள். ஆகவே ஒவ்வொரு பதிவு மாவட்டத்திலும் (பிறப்பு இறப்பைப் பதியப் பிரித்த பகுதி) அந்தப் பெயர்க்காரர்களின் எண்ணிக்கையை அந்த மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து, 1,00,000 பேருக்கு எத்தனை என்று மாற்றிக்கொள். கற்பனையாக ஒரு கணக்கு: 30,000 பேர் உள்ள மாவட்டத்தில் 12 பேர் என்றால் விகிதம் 40. லண்டனில் 60 பேர் என்றாலும் விகிதம் 1.6 தான். எண்ணிக்கையில் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரிந்த இடம், விகிதத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. லண்டனை இதற்காக அழித்துவிடாதே. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றாலே அடகுக்கடை நினைவுக்கு வரும் அளவுக்கு இந்தப் பெயருடையவர்கள் அந்தத் தொழிலில் இருந்தார்கள். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டும் சான்சரி லேனும் கூடும் முனையில் அவர்கள் கடை இருந்தது. ஆனால் அது பெயர் போய்ச் சேர்ந்த இடம்; முளைத்த இடம் வேறு.

முளைத்த இடம் அட்டன்பரோ கிராமம். நாட்டிங்காமுக்குத் தென்மேற்கே ஐந்து மைலுக்குள், ட்ரென்ட் ஆற்றங்கரையில். நீ லெஸ்டரிலிருந்து நாட்டிங்காம் போகும் ரயில்பாதையிலேயே அந்த ஊர் நிலையம் இருக்கிறது. அங்கே புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. சில்வெல், டோட்டன் ஊர்களும் பழைய நாளில் அதே பங்கில்தான், அதாவது அந்த ஆலயத்தின் ஆளுகைக்குள்தான், இருந்தன. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னனின் மரண ஆணையில் கையெழுத்திட்ட ஹென்றி அயர்ட்டன் 1611இல் திருமுழுக்குப் பெற்றது அந்த ஆலயத்தில். இங்கிலாந்தில் இந்தப் பெயரில் ஊர் இது ஒன்றே என்பது உனக்குப் பெரிய வசதி. நியூட்டன், சட்டன் போன்ற பெயர்களை எடுத்திருந்தால் எந்த நியூட்டன் என்பதிலேயே ஆண்டு முழுவதும் போயிருக்கும்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயரைத் தேடும்போது ஊருக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காதே. ஊரில் இருக்கும்வரை ஒருவனை ஊர்ப்பெயர் சொல்லி அழைக்க வேண்டிய தேவை இல்லை, அங்கே எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தானே. ஊரை விட்டுப் போய் நாலைந்து மைல் தள்ளிக் குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். உன் வரைபடத்தில் அடர்ந்த திட்டு கிராமத்தின் மேலேயே விழாமல் சுற்றுவட்டாரத்தில் விழுந்திருப்பதைப் பிழை என்று எண்ணாதே. அப்படி விழுவதுதான் இயல்பு.

எல்லை விஷயத்தில் மிகவும் கவனமாக இரு. இந்த ஆய்வில் தவறு நுழைய வழி அதுதான். எரிவாஷ் என்ற சிற்றாறு நாட்டிங்காம்ஷையர், டெர்பிஷையர் என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) எல்லை. அதன் இந்தப் பக்கம் ஸ்டேபிள்ஃபோர்டு நாட்டிங்காம்ஷையர், அந்தப் பக்கம் லாங் ஈட்டன் டெர்பிஷையர். ஆனால் 1834க்குப் பிறகு ஏழைகள் நிவாரணத்துக்காக ஊர்களைக் கூட்டி யூனியன்கள் அமைத்தபோது கவுண்டி எல்லையைப் பார்க்கவில்லை. 1837 ஜூலை 1 முதல் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியபோது அந்த யூனியன்களே பதிவு மாவட்டங்களாயின. விளைவு, ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்த குழந்தை டெர்பிஷையரைச் சேர்ந்த ஷார்ட்லோ மாவட்டத்தில் பதிவாகும். நீ பதிவு மாவட்டத்தை வைத்து நிறம் தீட்டினால் நாட்டிங்காம்ஷையர் குடும்பங்கள் டெர்பிஷையரில் ஏறிக்கொள்ளும். பிறகு “பெயர் மேற்கே நகர்ந்தது” என்று ஒரு முடிவுக்கு வருவாய். நகர்ந்தது பெயரன்று, கோடு. பங்கு வாரியாக இன்னொரு வரைபடம் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

1841 கணக்கெடுப்பிலும் இதே எல்லைச் சிக்கல் உண்டு. அதில் பிறந்த ஊரைக் கேட்கவில்லை, “இதே கவுண்டியில் பிறந்தவரா” என்று மட்டுமே கேட்டார்கள். ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்து ஆற்றைத் தாண்டி லாங் ஈட்டனில் வாழ்ந்தவருக்கு “இல்லை” என்று விழும். தொலைதூரக் கார்ன்வாலில் பிறந்து வந்தவருக்கும் அதே “இல்லை” தான். வயதும் நம்பத்தக்கதன்று, 15க்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். பிறந்த பங்கு 1851 முதல்தான் கிடைக்கும். ஒருவரே 1851இல் ஓர் ஊரையும் 1871இல் பக்கத்து ஊரையும் சொல்லியிருப்பார். இரண்டையும் குறித்து வை, முந்தையதற்குச் சற்று அதிக மதிப்புக் கொடு. 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942இல் தீயில் எரிந்துபோயின, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே 1921க்குப் பிறகு உனக்குக் கைகொடுப்பது, போர் தொடங்கியதும் மக்களைக் கணக்கெடுத்த 1939 பதிவேடு.

தேடும்போது எழுத்து மாறுபாடுகளை முதல் நாளே பட்டியலிடு. அட்டன்பரோ, அட்டன்பரோவின் இறுதி எழுத்துகள் உதிர்ந்த வடிவம், அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ என்று எழுதுபவரின் காதில் விழுந்தபடி எல்லாம் இருக்கும். இவற்றைவிட மோசமானது கையெழுத்தை இன்று படித்துக் கணினியில் ஏற்றியவர்கள் செய்த பிழை. இரட்டை ‘டி’யின் குறுக்குக்கோடு மங்கியிருந்தால் அது இரட்டை ‘எல்’ ஆகிவிடும், அட்டன்பரோ ஆலன்பரோ ஆகிவிடும். அதனால் தெரியாத எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடும்போது ‘டி’ உள்ள வடிவத்தோடு நிறுத்தாமல் ‘எல்’ உள்ள வடிவத்தையும் தேடு. அதிலும் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதல் பெயர், வயது, ஊர் மூன்றை மட்டும் கொடுத்துத் தேடு.

இனி வேலை முறை. 1881இல் இருந்த வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவரையும் ஒரு சீட்டாக எடுத்துக்கொள். ஒவ்வொருவரையும் திருமணப் பதிவு, திருமுழுக்குப் பதிவு என்று ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாகப் பின்னோக்கி நகர்த்து. 1837க்குப் பிந்தைய திருமணச் சான்றில் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். அதற்கு முன் அந்த உதவி கிடையாது. பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பழைய காலாண்டு அட்டவணைகளில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும், ஆனால் பொதுப் பதிவு அலுவலகத்தின் புதிய இணைய அட்டவணையில் 1837லிருந்தே சேர்த்திருக்கிறார்கள். இரண்டு ஜான்கள் ஒரே ஊரில் இருந்தால் பிரித்தெடுக்க அது ஒன்றே போதும். பங்குப் பதிவேடுகள் 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையால் தொடங்கியவை, எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை மிஞ்சவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1642க்கும் 1660க்கும் இடையே, பல ஊர்களில் பதிவே ஒழுங்காக நடக்கவில்லை. அந்த இடைவெளியைத் தாண்டும்போது ஊகத்தைச் சான்று போல எழுதிவிடாதே. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதையும் மறக்காதே. பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. இதைக் கவனிக்காதவர்கள் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்படிப் போனால் நூற்றுக்கணக்கான சீட்டுகள் சில மரங்களாகச் சுருங்கும். அந்த மரங்களின் வேர்கள் 1700 வாக்கில் எந்தெந்தப் பங்குகளில் நிற்கின்றன என்பதே உன் உண்மையான வரைபடம். அதற்குக் கீழே 1660களின் அடுப்புவரிப் பட்டியல், அதற்கும் கீழே 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள். மத்திய காலப் பட்டியலில் “ஜான் டி அட்டன்பரோ” என்று ஒருவன் அகப்பட்டால் குதித்துவிடாதே. நடுவே நிற்கும் அந்த ‘டி’க்கு அந்த ஊரிலிருந்து வந்தவன் என்று மட்டுமே பொருள். அவன் மகன் வேறு ஊரில் பிறந்து அதே பெயரைத் தாங்கியிருந்தால்தான் அது பரம்பரைப் பெயராகிவிட்டது என்று சொல்லலாம்.

உயில்களுக்காக நீ அதிகம் அலைய நேரும். 1858 ஜனவரி 12க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் இருந்தன. நாட்டிங்காம்ஷையர் 1837 வரை யார்க் மறைமாவட்டம், டெர்பிஷையர் அப்போது லிச்ஃபீல்டு மறைமாவட்டம். ஆகவே எரிவாஷ் ஆற்றின் இரு கரைகளில் வாழ்ந்த அண்ணன் தம்பியில் ஒருவர் உயிலை யார்க்கில் போர்த்விக் நிலையம் என்ற ஆவணக் காப்பகத்திலும் நாட்டிங்காம்ஷையர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும், மற்றவர் உயிலை ஸ்டாஃபோர்டில் தேட வேண்டும். ஆனால் ஓர் உயில் கிடைத்தால் மூன்று தலைமுறை உறவு ஒரே தாளில் கிடைக்கும். அலைச்சலுக்குத் தகும்.

இப்போது உன் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 2009இல் நீ படிக்கும் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலேயே மரபியலாளர்கள் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பிரித்தானியக் குடும்பப் பெயர்களை எடுத்து 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் மரபணுத் தொகுப்பை, ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில் உறவு ஏதும் தெரியவில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஒரே வகையையோ அதற்கு மிக நெருங்கியதையோ கொண்டிருந்தார்கள். இதைப் படித்ததும் “பார், ஒரே மூதாதை” என்று சொல்லத் தோன்றும். கட்டுரை ஆசிரியர்களே அப்படிச் சொல்லவில்லை. இன்றைய அமைப்பை வைத்துச் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் பெயரைத் தொடங்கியவர்களைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார். ஒவ்வொரு ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன் பிழைத்து வளர்கிறான், அந்த எண்ணிக்கை ஒருவருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கு இரண்டு என்று தற்செயலாக மாறுகிறது (புள்ளியியலில் புவாசோன் பரவல்) என்று வை. முதல் தலைமுறையிலேயே 100 வம்சங்களில் 37 ஆண்வாரிசு இல்லாமல் நின்றுவிடும். பத்தாம் தலைமுறையில் 84 நின்றிருக்கும். 20ஆம் தலைமுறையில், அதாவது ஏறக்குறைய அந்த 700 ஆண்டுகளுக்குள், எஞ்சுவது 9 மட்டுமே. அட்டன்பரோ கிராமத்திலிருந்து உறவே இல்லாத பத்துப் பேர் வெளியேறி அதே பெயரைப் பெற்றிருந்தாலும் இன்று ஒரே ஒரு வம்சம் மிஞ்சியிருப்பது சாதாரண நிகழ்ச்சி. 1870களில் ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் இந்தக் கணக்கைத்தான் குடும்பப் பெயர்கள் அழிவதை விளக்கப் போட்டார்கள். எனவே இன்று ஒரே மரபணுக் கூட்டம் என்றால் தப்பிப் பிழைத்தது ஒன்று என்று எழுது, தொடங்கியது ஒன்று என்று எழுதாதே.

ஒத்துவராத அந்த மீதிப் பேரையும் ஒதுக்கிவிடக் கூடாது. திருமணமாகாத தாயின் பெயரை ஏற்ற மகன், சொத்துக்காகத் தாய்வழிப் பெயரை எடுத்துக்கொண்டவன், தத்துப்பிள்ளை என்று பெயர் தொடர்ந்து குருதி மாறும் வழிகள் பல. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை லெஸ்டரில் ஆராய்ந்தபோதுகூட, ஆவணப்படி அதே ஆண்வழியைச் சேர்ந்த ஐந்து பேரில் யாருடைய ஒய் குரோமோசோமும் அவருடையதோடு ஒத்துவரவில்லை, அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் ஒத்துவரவில்லை. அரச குடும்பத்து ஆவணங்களிலேயே அப்படியென்றால் ட்ரென்ட் கரைக் குடியானவர்களிடம் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்க முடியாது.

பரவலைப் பற்றி இன்னொன்று. உன் வளாகத்தில் 18 மாடி அட்டன்பரோ கோபுரம் யார் பெயரால் நிற்கிறதோ, அந்த ஃபிரெடெரிக் அட்டன்பரோ 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தவர். பெயரைத் தந்த ஊரிலிருந்து மூன்று மைல். அவருடைய மகன்கள் ரிச்சர்டு 1923இல் கேம்பிரிட்ஜிலும் டேவிட் 1926இல் ஐல்வொர்த்திலும் பிறந்தார்கள். பெயர் முளைத்த ஊருக்கு மூன்று மைலுக்குள் இருந்த இந்தக் கிளை, கல்வித்துறை வேலை கிடைத்ததும் ஒரே தலைமுறையில் சிதறிவிட்டது. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டுப் பிறப்பிடங்களை வைத்துத் தோற்றத்தைத் தேட வேண்டாம் என்கிறேன். தோற்றத்தைத் தேடும்போது 1881ஐ விட்டு இந்தப் பக்கம் வராதே.

உன் பல்கலைக்கழகத்தின் ஆங்கில உள்ளூர் வரலாற்றுத் துறையில்தான் 1965இல் ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கான ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதன் தொகுதிகள் உன் நூலகத்திலேயே இருக்கும். கவுண்டி கவுண்டியாக எப்படி வகைப்படுத்தினார்கள் என்று முதலில் பார்த்துவிடு. பிறகு நாட்டிங்காமுக்கும் மாட்லாக்கில் உள்ள டெர்பிஷையர் ஆவண அலுவலகத்துக்கும் முன்கூட்டியே எழுதி இருக்கையும் ஆவண எண்களும் பதிவு செய்துகொள். பென்சில் மட்டும் எடுத்துப் போ, பேனாவை உள்ளே விடமாட்டார்கள். எந்தப் பதிவேட்டில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் தேதி போட்டு எழுதி வை. அடுத்த வாரம் அந்தச் சீட்டுகளின் முதல் இருபதை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா