சனிக்கிழமை படம் போட உதவின எல்லாருக்கும்

போன சனிக்கிழமை எங்கட சனசமூக நிலையத்தில ‘ஹாக்சோ ரிட்ஜ்’ படம் போட்டனாங்கள், உதவின ஆக்களுக்கு நன்றி சொல்லாமல் விட்டா எனக்கு மனம் ஆறாது.

புரொஜெக்டர் தந்த தம்பி, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கின பெடியள், பாதிப் படத்தில கரண்ட் நிண்டோடன ஜெனரேற்றரோட ஓடி வந்த அண்ணை, எல்லாருக்கும் பிளேன்ரீ ஊத்தித் தந்த மாமி, உங்கள் எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி.

மெல் கிப்சன் 2016இல எடுத்த படம், டெஸ்மண்ட் டோஸ் எண்ட உண்மையான ஆளின்ர கதை. துவக்கைத் தொடமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டே அமெரிக்க ஆமியில காயத்துக்குக் கட்டுற வேலைக்குப் போனவர், 1945 மேயில ஒகினாவா மலை விளிம்பில தனிய நிண்டு காயப்பட்டவையைக் கயித்தில கட்டிக் கீழ இறக்கினவர். தான் காப்பாத்தினது 50 பேர் இருக்கும் எண்டு அவர் சொல்ல, மற்றவை 100 எண்டு சொல்ல, கடைசியில 75 எண்டு பதிஞ்சவை. ஒவ்வொருத்தரையும் இறக்கிப்போட்டு இன்னும் ஒராளைத் தா ஆண்டவரே எண்டு கேக்கிற இடத்தில ஹோலில ஒரு சத்தமில்லை.

பாஸ்ரர் ஐயாவுக்குத் தனி நன்றி. டோஸின்ர சபைக்குச் சனிக்கிழமை தான் ஓய்வுநாள், அண்டைக்கும் அவர் மலை ஏறினது எப்பிடிச் சரி எண்டு கேட்டதுக்கு, இயேசுவும் ஓய்வுநாளில தானே சுகமாக்கினவர் எண்டு பொறுமையா விளங்கப்படுத்தினவர். கொல்லாமையைச் சொல்லவந்த படம் கொலையை ஏன் இவ்வளவு விலாவாரியாக் காட்டுது எண்டு கேட்ட தங்கச்சிக்கும் நன்றி, எனக்கும் அந்தக் குறை இருக்கு.

குருநகர் ஐயா எழும்பி வந்து கொடிக்கயித்தில ரெண்டு வளையம் வைச்சு, படத்தில டோஸ் ஆக்களை இறக்கப் போட்ட அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார், ஒரு காலுக்கு ஒண்டு, இழுக்க இழுக்க இறுகாது, ஆளுக்கு நோகாது.

அதைக் கையில வாங்கிக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவா எங்கட நேர்ஸ் அக்கா. பிறகு தான் கதைச்சவா, 1987 தீபாவளியண்டு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில டியூட்டியில நிண்ட டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் கட்டிலில கிடந்த நோயாளியளும் சுடுபட்டுச் செத்ததைப் பற்றி. அவையளும் துவக்குத் தொடாத ஆக்கள் தான் தம்பி, நோயாளியை விட்டிட்டு ஓடாமல் நிண்டவை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருந்திட்டா. அக்கா, இத்தனை வருசம் மனசுக்க வைச்சிருந்ததை எங்களுக்கு முன்னால சொன்னதுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல, காலைத் தொட்டுக் கும்பிடுறன்.

ஐயா போட்ட முடிச்சை ஒருத்தரும் அவிழ்க்கேல்ல, கயிறு நிலையத்து யன்னலில தான் கிடக்கு.