நெட்டைத் தென்னை: தாஸ்மேனியா டெவில்ஸ் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தாஸ்மேனியா டெவில்ஸ் கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2028-ல், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சப் போட்டியான ஏ.எஃப்.எல்.-இல் பத்தொன்பதாவது அணியாக நீங்கள் களமிறங்கப்போகிறீர்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் பேச வருகிறேன். பதினெட்டு வயதில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் பையன்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். தாஸ்மேனியத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டுக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே ஒரு சிறுவர் கழகத்தில் தண்ணீர் பாட்டில் தூக்குகிறேன். ஆட்டம் முடிந்ததும் பையன்களின் முழங்காலுக்கு ஐஸ் கட்டுகிறேன். கால்பந்தில் என் தகுதி அவ்வளவுதான். தமிழில் எழுதுவதற்குக் காரணம், ஆதங்கம் எனக்குத் தமிழில்தான் கோர்வையாக வரும். மகள் ஆங்கிலமாக்கி உங்களுக்கு அனுப்புவாள்.

ஆட்டம் தெரியாவிட்டாலும் தென்னை தெரியும். எங்கள் ஊரில் கன்று வாங்கப் போனால் முதலில் கேட்பது, குட்டையா நெட்டையா என்றுதான். குட்டை மூன்று நான்கு ஆண்டில் பாளை விட்டுவிடும். நெட்டைக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் பேரன் காலத்திலும் காய்க்கும். நெட்டையை நட்டுவிட்டு நான்காம் ஆண்டே மண்வெட்டியோடு போய் நிற்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

மேக்ஸ் கானை மெல்போர்ன் அணி 2009 டிராஃப்டில் (கழகங்கள் முறைவைத்து இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கும் ஆண்டுத் தேர்வு) 34-வது ஆளாக எடுத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை, மேல் அணிக்கும் கீழ் அணிக்குமாக அலைச்சல் என்று ஆண்டுகள் ஓடின. அந்தந்தப் பருவத்தின் சிறந்தவர்களைச் சேர்த்து அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் அவர் பெயர் முதன்முறையாக வந்தது 2016-ல். ஏழு ஆண்டு! 2021-ல் அவர் தலைமையில்தான் மெல்போர்ன் 57 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக் கோப்பை வாங்கியது. ஜீலாங் அணியின் டாம் ஹாக்கின்ஸ் கதையும் இதே மாதிரிதான். 2007-ல் ஆடத் தொடங்கியவரை 2011 பருவத்தின் நடுவில்கூட அணியை விட்டு நீக்கினார்கள். அதே ஆண்டு இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவரைத் தடுக்க ஆளில்லை. அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 32.

அதே மெல்போர்ன், கானை எடுப்பதற்கு ஓராண்டு முன்பு ஜாக் வாட்ஸை முதல் ஆளாக எடுத்திருந்தது. 2009 ஜூன், அரசி பிறந்தநாள் ஆட்டம், எதிரே காலிங்வுட். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காத பையனை மெல்போர்னின் பெரிய எம்.சி.ஜி. மைதானத்தின் பெருங்கூட்டத்துக்கு முன்னால் இறக்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் மூன்று பேர் சேர்ந்து அவரைத் தரையில் சாய்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாட்ஸ் மேல் வருத்தம் வருவதில்லை. அன்று அவரை அணிப் பட்டியலில் எழுதிய கையைத்தான் பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது. பிறகு மெல்போர்னுக்கு 153 ஆட்டங்கள் ஆடினார், மோசமில்லை. ஆனால் 'முதல் தேர்வு' என்ற பட்டம் கழுத்தில் கட்டிய கல்லாகக் கடைசிவரை கூடவே தொங்கியது.

உங்களைப் போலப் புதிதாக முளைத்த இரண்டு கழகங்களின் கணக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி 2012-ல் உள்ளே வந்தது. முதல் ஆண்டு இரண்டு வெற்றி, அடுத்த ஆண்டு ஒன்று. முதல் தேர்வாக வந்த நெட்டை முன்கள ஆட்டக்காரர் ஜோனதன் பேட்டனுக்கு முழங்கால் தசைநார் மூன்று முறை அறுந்தது. 2013-ல் முதல் தேர்வாக டாம் பாய்ட் வந்தார். ஒன்பதே ஆட்டம் ஆடிவிட்டு ஏழு ஆண்டு ஒப்பந்தத்தோடு வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். 2016 இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த மூன்று கோல்கள், 1954-க்குப் பிறகு புல்டாக்ஸ் வாங்கிய முதல் கோப்பையில் இருக்கின்றன. ஆனால் 2019-ல், 23 வயதிலேயே, மனநலப் போராட்டத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தை விட்டே விலகினார். ஒரே ஒரு ஆட்டம் வென்ற 2013 அணியில் 62 கோல் அடித்த ஜெரமி கேமரனோ 2020 முடிவில் ஜீலாங்குக்குப் போய், 2022-ல் அங்கே கோப்பையைத் தூக்கினார்.

கோல்ட் கோஸ்ட்டைக் கேட்டால் இன்னும் பெரிய பட்டியல் தருவார்கள். சார்லி டிக்சன் போர்ட் அடிலெய்டுக்கு, பீட்டர் ரைட் எசண்டனுக்கு. அணித்தலைவர்களில் ஒருவராகவே இருந்த டாம் லிஞ்ச் 2018 முடிவில் ரிச்மண்டுக்குப் போய், அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை வாங்கினார். தண்ணீர் ஊற்றியது ஒரு தோட்டம், இளநீர் குடித்தது இன்னொரு தோட்டம்.

போனவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் நெட்டையனின் பாடு தனி. நடுக்களத்திலிருந்து பந்து நிதானமாக வந்தால் அவன் எம்பிப் பிடிக்கலாம். கண்டபடி உதைத்துத் தள்ளினால், மூன்று தடுப்பாட்டக்காரர்களின் நடுவில் தலைக்கு மேல் ஒரு குலுக்குச்சீட்டு வந்து விழும். முதுகில் ஒருவன் முழங்காலால் ஏறுவான், பக்கத்தில் ஒருவன் இடுப்பால் இடிப்பான். பள்ளி ஆட்டங்களில் உயரத்தை வைத்தே ஜெயித்துவந்த பையனுக்கு உடம்பைக் குறுக்கே வைத்து இடம்பிடிக்கும் வித்தை தெரிந்திருக்காது. அதுவரை அவனுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அந்த வித்தையை அவன் கற்க வேண்டிய இடம், அடுத்த படிப் போட்டியான வி.எஃப்.எல்.-இல் ஆடும் உங்கள் அணி. நாற்பதாயிரம் பேர் முன்னால் கற்கச் சொல்லாதீர்கள்.

இனி என் கோரிக்கை. பையன்களுக்கு முன்னால் முதலில் ஆண்களை வாங்குங்கள். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு முதுகெலும்பு வந்தது 2014-ல், சிட்னியிலிருந்து ஷேன் மம்ஃபர்ட் என்ற பாறை வந்து ரக் இடத்தில் நின்ற பிறகுதான் என்பது என் எண்ணம். (தமிழ் வாசகர்களுக்கு: நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எதிரணி நெட்டையனோடு மோதி, எம்பித் தன் ஆட்களுக்குத் தட்டிவிடுபவர்தான் ரக்.) கோல்ட் கோஸ்ட்டுக்கு அதே வேலையைச் செய்தவர் காலிங்வுட்டிலிருந்து வந்த ஜாரட் விட்ஸ். இப்படி 28, 29 வயது உடம்பு ஒன்று ரக்கிலும், இன்னொன்று முன்களத்திலும், மூன்றாவது கோலுக்கு முன்பும் நின்றால், உங்கள் பையன்கள் இரண்டு மூன்று ஆண்டு அடிபடாமல் வளரலாம். அடி அந்த ஆண்களுக்கு விழட்டும், அதற்குத்தான் சம்பளம்.

அடுத்ததில் நீங்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். முதல் சுற்றில் உங்கள் கைக்கு வரும் தேர்வுகளில் பெரும்பகுதியை நடுக்கள ஆட்டக்காரர்களுக்குச் செலவிடுங்கள். அது குட்டைத் தென்னை, சீக்கிரம் காய்க்கும். நெட்டை முன்கள நட்சத்திரம் நிக் ரிவோல்ட் முதல் தேர்வாக வந்தவர்தானே, லான்ஸ் ஃபிராங்க்ளின் ஐந்தாவது தேர்வுதானே என்பீர்கள். உண்மைதான், அப்படிப்பட்டவன் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். ஆனால் பிரிஸ்பேனின் தடுப்புச் சுவர் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் 61-வது ஆள். ரக் ஆட்டக்காரர்கள் டீன் காக்ஸும், 211 செ.மீ. உயர ஆரன் சாண்டிலாண்ட்ஸும் முதன்மைப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் பயிற்சிப் பட்டியல் வழியாக உள்ளே வந்தவர்கள். ஜீலாங்கின் மார்க் பிளிகாவ்ஸ் தடை ஓட்டக்காரர்! பதினெட்டு வயதில் நெட்டையனை எடைபோடுவது பாதி சோதிடம் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

நம் தீவின் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. டெவன்போர்ட் பையன் பென் பிரவுன். முழங்கால் போனது, டிராஃப்டுகளில் யாரும் சீண்டவில்லை. வெரிபி அணிக்காக வி.எஃப்.எல். ஆடிக் காத்திருந்தார். 2013-ல், 21 வயதில், 47-வது ஆளாக நார்த் மெல்போர்ன் எடுத்தது. பின்னாளில் தொடர்ந்து மூன்று பருவம் அறுபதுக்கு மேல் கோல் அடித்தார். 2021-ல் கானோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார். நியூ நார்ஃபோக்கின் பீட்டர் ஹட்சன் 1971-ல் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்த தீவு இது. மேத்யூ ரிச்சர்ட்சனும் ஜாக் ரிவோல்ட்டும் கிளம்பிப்போன தீவு. உங்கள் தலைமை நிர்வாகியாக வந்த பிரெண்டன் கேலும் பர்னியில் பிறந்து, ரிச்மண்டுக்கு 244 ஆட்டங்கள் ஆடிய நெட்டை மனிதர்தான். அவர் கையில் இந்தக் கடிதம் கிடைத்தால் பாதியைப் படிக்காமலே தலையாட்டுவார்.

இன்னொன்று. டெர்வெண்ட் ஆற்றிலிருந்து வீசும் காற்றில் ஹோபார்ட்டின் பெல்லரீவ் மைதானத்தில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று பந்துக்கே தெரியாது. மெக்குவாரி பாயிண்டில் திட்டமிட்டிருப்பதோ 23,000 இருக்கைகளும் கூரையும் கொண்ட அரங்கம். காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் ஆட்டம் நெட்டையர்களின் பக்கம் சாயும். இப்போது நடும் கன்றுகள் அந்தக் கூரை எழும்பும் நேரத்துக்குத்தான் பாளை விடும். அவசரம் எதற்கு?

எங்கள் கழகத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, பதினாறு வயதில், ஒரே ஆண்டில் அரைச் சாண் வளர்ந்தான். அவன் அம்மா புதுக் கால்சட்டை வாங்குவதை விட்டுவிட்டு மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். முந்தின ஆண்டு சாதாரணமாகப் பிடித்த பந்தெல்லாம் விரல் நுனியில் பட்டு நழுவியது. கை நீண்ட சேதி மூளைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் நான் ஐஸ் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வான்; சத்தம் வராது.

அந்த நாட்களில்தான் ஒரு தேர்வுக் குழு வந்தது. எந்தக் குழு என்பது வேண்டாம். ஒரு கால்பகுதி ஆட்டம் பார்த்துவிட்டு, "கால் கனம்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நின்ற அவன் அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. அடுத்த வாரம் பையன் கூடைப்பந்துக்குப் போனான். 2024-ல் தாஸ்மேனியாவின் கூடைப்பந்து அணியான ஜாக்ஜம்பர்ஸ் தேசியக் கோப்பை வாங்கிய பிறகு இங்கே நெட்டைப் பையனுக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. நீங்கள் கண்டுகொள்ளாதவனை அவர்கள் காப்பி கொடுத்து வரவேற்பார்கள்.

இந்த ஆண்டு திரும்பி வந்துவிட்டான். பதினெட்டு முடிந்தது, 203 செ.மீ., இன்னும் ஒல்லிதான். போன வாரம் மழையில் இரண்டு பேர் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒரு பந்தைப் பிடித்தான். ஈரப் பந்து விரல்களில் ஒட்டியது போல நின்றது. ஒரு சனிக்கிழமை யாராவது வந்து பாருங்கள், நான்கு கால்பகுதியும் இருந்து பாருங்கள். வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், நீல ஐஸ் பெட்டியோடு நான் நின்றுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
ஐஸ் கட்டுபவன்