பெயரை மட்டும் பார்த்துக் கோப்பை அழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினி மையம் நடத்தி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால், விசைப்படகு உரிமையாளர்களும் தொழிலாளர்களும் தடைக்கால நிவாரணத்துக்காகப் படகுப் பதிவுச் சான்று, நலவாரிய அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு தங்கச்சிமடம், மண்டபம், இராமேஸ்வரம் என மையம் மையமாக அலைவார்கள். ஒரே பென்டிரைவ் ஒரே நாளில் நான்கு கணினிகளில் ஏறி இறங்குவது எங்கள் பகுதியில் சாதாரணம்; வைரஸும் அப்படியே பரவுகிறது.

கடந்த தடைக்காலத்தில் படகு உரிமையாளர் ஒருவர் கொண்டுவந்த பென்டிரைவில் ‘படகு’ என்ற பெயரில் மஞ்சள் நிற ஃபோல்டர் இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விவரப் பட்டியலில் அளவுக்கான பத்தியில் நானூற்றுச் சொச்சம் கேபி என்றும், வகைக்கான பத்தியில் அப்ளிகேஷன், அதாவது நிரல், என்றும் காட்டியது. விண்டோஸில் ஃபோல்டருக்கு நேரே அளவுப் பத்தி வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே எண் தெரிந்தால், ஃபோல்டரின் படத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்து வைப்பதால், நிரலுக்குரிய பின்னொட்டு கொண்ட ‘படகு.இஎக்ஸ்இ’ என்பது ‘படகு’ என்று மட்டும் தெரிந்திருக்கிறது. மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றியதும், அந்த நிரல் மறைத்து வைத்திருந்த அவருடைய உண்மையான ஃபோல்டர் மங்கிய நிறத்தில் வெளியே வந்தது; சான்றுகள் எல்லாம் அப்படியே இருந்தன. “எல்லாம் போய்விட்டது, ஃபார்மட் செய்துவிடுங்கள்” என்று முந்தைய நாள் வேறோர் இடத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபார்மட், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடுவது, என்ற அந்தச் சொல்லால் நானும் இழந்திருக்கிறேன். என் கணினி ஒன்று மிகவும் மெதுவானபோது பழுதுபார்க்க வந்தவர் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் வரிசையாக நிற்பதைக் காட்டி, அத்தனையும் வைரஸ் என்று சொல்லி வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டார். நகல் எடுத்து வைக்காத மூன்று ஆண்டுக் கணக்கு அதோடு போயிற்று. அதன் பிறகும் கணினி மெதுவாகவே ஓடியது. திறந்து பார்த்தால், விசிறியில் தூசியும் கடற்காற்றின் உப்புப் பிசுக்கும் அடைத்து, சூடு தாங்காமல் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது.

எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் பல சேவைகளை, அதாவது பின்னணியில் நடக்கும் வேலைகளை, தாங்கி ஓடுகிற முறையான நிரல். 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல், போதிய நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனியாக ஒன்று ஓடுவதால், ஐம்பது அறுபது வரிகள் தெரிவது இயல்பே. ஆகவே எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதில் பயனில்லை, எங்கே இருக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் அந்த வரியின் மீது வலது சொடுக்கு செய்து கோப்பின் இருப்பிடத்தைத் திறந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம்32 வர வேண்டும். டெம்ப், ஆப்டேட்டா போன்ற வேறு ஃபோல்டர்களில் அதே பெயரில் ஒன்று இருந்தாலும், எழுத்து இடம் மாறி ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்றிருந்தாலும் சந்தேகம் உறுதிப்படும். கோப்பின் பண்புகளில் மைக்ரோசாப்டின் டிஜிட்டல் கையொப்பம் உண்டா என்றும் பார்க்கலாம்.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால், வைரஸ்டோட்டல் என்ற இலவசத் தளத்தில் அக்கோப்பை ஏற்றினால் பல நிறுவனங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் பதற வேண்டாம். எங்களிடம் உள்ள பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக்கூட ஒன்று அப்படிக் குற்றம் சாட்டியது. அங்கே ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு ஆய்வாளர்களின் பார்வைக்கும் போகும் என்பதால், ஆதார் நகலையோ வங்கி ஆவணத்தையோ மறந்தும் ஏற்றக்கூடாது.

நீக்குவதற்கு முன் இணைய இணைப்பைத் துண்டிப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அழியாது என்பதால், முதலில் அதை நிறுத்த வேண்டும், அல்லது தேவையான நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினியைத் திறக்க வேண்டும். கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலிலும் குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரிலும் அதன் பெயர் இருந்தால் அங்கிருந்தும் எடுக்காவிட்டால், அழித்த நிரல் மறுநாள் காலையில் திரும்ப வந்து நிற்கும். விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபென்டரின் ஆஃப்லைன் சோதனை, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பவை பெரும்பாலும் அதில் அகப்படுகின்றன. உடனே அழிக்காமல் தனிமைப்படுத்தி வைத்தால், தவறாகப் பிடிபட்ட கோப்பை மீட்கவும் முடியும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மையம் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

தடைக்கால நிவாரணத்துக்கான ஆவணங்களைத் தேடி மக்கள் மையங்களுக்கு வரத் தொடங்கும் முன்பே, கடலோர ஊர்களின் இ-சேவை மையப் பணியாளர்களுக்கு அரை நாளாவது இதற்கான பயிற்சி அளிக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பென்டிரைவைச் சோதித்த பிறகே திறக்க வேண்டும் என்ற விதியும், ஆவணம் உள்ள வன்தட்டை உரியவரின் ஒப்புதலின்றி ஃபார்மட் செய்யக்கூடாது என்ற விதியும் ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி மைய உரிமையாளர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.